வீங்கின இமைக்கு வந்த மரியாதை

ராஜபாளையம்
18.2.1990

அன்பு மகள் பரிபூரணத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே இருக்கிறபடி இருக்கிறேன், அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க மடவார் வளாகத்து வைத்தியநாதரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். உன் காகிதம் கிடைத்தது. பேத்திக்கு இமையில் கட்டி வந்திருக்கிறது, என்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் போடாதே. நான் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுகிறேன்.

உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். அப்பா காரியம் முடிந்து நீ ரயிலேறிப் போன மறுவாரம் எனக்கு வலது மேல் இமையில் ஒரு கட்டி கிளம்பியது. முதலில் கடுகு மாதிரி இருந்தது, பொறவு சுண்டைக்காய் மாதிரி ஆகிக் கண் பாதி மூடிவிட்டது. அப்பா போன அன்றைக்கு நான் இருந்த இருப்பு உனக்கே தெரியும், கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பந்தல்காரனுக்கு ஆள் விட்டேன், குடம் எங்கே கோடித்துணி எங்கே என்று கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். மாரடிக்கக் கூடினவர்கள் என்னை நடுவில் உட்கார வைத்தால், நான் எல்லாருக்கும் நகர்ந்து நகர்ந்து இடம் விட்டேன். அப்பாவின் அக்காள், உன் சீனியம்மாள் அத்தை, ஏட்டி ஒனக்கு நெஞ்சா கல்லா என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். 

கட்டி வந்த பொறவு என் மரியாதையே வேறு. துட்டி கேட்க வந்தவர்கள் வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ அழுது அழுது கண்ணே போச்சே என்று தொடங்கினார்கள். காரியத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட உன் அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தம்பிக்காவ எம்புட்டு அழுதிருந்தா இம்புட்டு வீங்கும், நீங்களே பாருங்க என்று என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவள் ஊர் கூமாப்பட்டியிலிருந்து வந்த கூட்டத்துக்கு இரண்டு தடவை காட்டினாள், பின்னால் நின்றவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லையாம்.

வலிக்கிறது மதினி, டாக்டரிடம் போகிறேன் என்றேன். அழுத கண்ணுக்கு எவளாவது வைத்தியம் பாப்பாளா, ஊரு என்ன பேசும், வாசலத் தாண்டாத என்றாள். வீட்டுக்குள் பார்க்கிற வைத்தியத்துக்கு மட்டும் தடையில்லை. நாமக்கட்டியை உரசிப் போட்டாள், அது காய்ந்து இமையை இழுத்தது. சங்கை உரசிப் போட்டாள். எதிர்வீட்டுப் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் கேட்டு வாங்கிக் கண்ணில் விட்டாள். இமை மயிரைப் பிடுங்கினால் இறங்கும் என்று ஒருத்தி சொல்ல, அதையும் பிடுங்கினார்கள். வைத்தியம் ஆளுக்கு ஒன்றாக இருந்தாலும், அழுகையால் வந்தது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருநாள் காலையில் பீளை ஒட்டிக்கொண்டு இமை திறக்கவே இல்லை. அடுத்த கண்ணுக்கும் இப்படி ஆனால் மதினியும் போன பொறவு தனியாகக் கிடக்கிறவள் யாரைக் கூப்பிடுவது என்று அன்றைக்குத்தான் பயந்தேன், மதினியைக் கேட்காமலே கிளம்பிவிட்டேன்.

அப்பா கூடத் தறியில் வேலை பார்த்த பேச்சிமுத்து அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டு பக்கம் கண்ணு டாக்டர் ஒருத்தர் இருக்காருன்னு கூட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் அது மூக்குக்கண்ணாடிக் கடை. வெள்ளைக்கோட்டுப் போட்ட கடைக்காரர் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார், எனக்குத் தெரிந்த எழுத்தை எல்லாம் வாசித்தேன். கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். கட்டிக்குக் கண்ணாடியா என்று கேட்டதற்கு, இதப் போட்டா கட்டி வெளிய தெரியாதும்மா என்றார். வைத்தியத்தில் அதுவும் ஒரு வகை போலிருக்கிறது. உன் அத்தைக்குத்தான் வந்தது கோபம், கட்டி தெரியாமல் போனால் எப்படி என்று. பொறவு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் என்று மைக்கில் சொன்னார்கள். வரிசையில் நின்று போனேன். டார்ச் அடித்துப் பார்த்தவர், ஒங்களுக்குப் புரை இல்லியேம்மா என்று அவ்வளவு வருத்தமாகச் சொன்னார், அவருக்காகவாவது ஒரு புரை வளர்த்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனாலும் நல்ல மனுஷன், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயபாய் டாக்டரம்மாவிடம் போகச் சொன்னது அவர்தான்.

துணைக்கு என்று அத்தையும் பஸ் ஏறினாள். டாக்டரம்மா இமையைப் புரட்டிப் பார்க்கும்போதே அத்தை குனிந்து, எந்தம்பி செத்ததுக்கு அழுததுல வந்ததும்மா என்றாள். அழுகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல ஆச்சி, இமை ஓரத்துல எண்ணெய் சுரக்குற வாய் அடைச்சுக்கிட்டா கட்டி வரும், அழாதவங்களுக்கும் வரும் என்று டாக்டரம்மா சொன்னார். அத்தை ராஜபாளையம் வருகிறவரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கின பிறகுதான், அப்போ நீ அழவே இல்லியாட்டி என்று கேட்டாள். லாரி வருது, ரோட்டைத் தாண்டுங்க மதினி என்றேன்.

பேத்திக்கும் அதே வைத்தியம்தான், கேட்டுக்கொள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. சுத்தமான துணியைப் பொறுக்கிற சூட்டு வெந்நீரில் பிழிந்து, மூடின கண்மேல் பத்து நிமிஷம் வை, ஆறினால் திரும்ப நனை. தினம் நாலு வேளை செய். பொறவு இமையை மெல்லத் தடவிவிடு. பீளையைப் பஞ்சால் துடை. கட்டியைப் பிதுக்காதே, அவளையும் கசக்க விடாதே. சிவப்பு கன்னத்துக்கு இறங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ. சில வாரத்தில் அமுங்காவிட்டால் இமைக்கு உள்பக்கமாகச் சின்னதாகக் கீறி எடுப்பார்களாம், எனக்கு அதற்கு வேலை வரவில்லை.

நம் வீட்டில் துணிக்கா பஞ்சம். அப்பா தறியிலிருந்து கொண்டுவந்து மடித்து வைத்த பேண்டேஜ் துணி பரணில் கிடந்தது, அதில் ஒரு துண்டை நனைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். பத்து நிமிஷம் கண்ணை மூடிச் சும்மா உட்கார் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா தறியிலிருந்து வருகிற நேரத்துக்கு வாசலில் சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. நான் துணியை எடுக்காமலே, சோறு எடுத்து வைக்கவா என்று கேட்டுவிட்டேன். வேண்டாம் தங்கச்சி, இப்பத்தான் சாப்பிட்டு வாரேன் என்று பேச்சிமுத்து அண்ணாச்சி பதில் சொன்னார்.

அப்போதுதான் வந்தது, பரிபூரணம். நிறுத்த முடியவில்லை. வெந்நி ரொம்பச் சுடுதோ என்று கேட்டார் அண்ணாச்சி, ஆமாம் என்றேன். அத்தை வந்தபோது துணி நனைந்திருந்தது, நனையாமல் எப்படி இருக்கும் என்று உள்ளே போய்விட்டாள்.

இப்போது இமை பழையபடி ஆகிவிட்டது. துக்கம் ஆறிப்போச்சு, மொகம் தெளிஞ்சிட்டா என்று வந்தவர்களிடம் சொல்லிவிட்டு அத்தையும் கூமாப்பட்டிக்கே போய்விட்டாள், காட்டுவதற்கு இனி இங்கே என்ன இருக்கிறது. நான் தினம் அழுகிறேன். கண் கொஞ்சம் சிவக்கிறதோடு சரி, வீங்க மாட்டேன் என்கிறது.

பேத்திக்குக் கண் சீக்கிரம் தெளிய வேண்டும், நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நிறைந்த ஆயுசாக இருக்க வேண்டும். குளிர் காலத்தில் பிள்ளைக்குக் குல்லா போடாமல் வெளியே விடாதே. அத்தைக்குக் காகிதம் எழுதினால் அம்மா இப்போதுதான் அழுகிறாள் என்று எழுதிவிடாதே, அடுத்த பஸ்ஸில் வந்து இமையைப் புரட்டிப் பார்ப்பாள்.

இப்படிக்கு
உன் அம்மா
ரத்தினம்