அக்கா இழுத்து இழுத்து வாசிக்கிறாள்

மார்ச் 3, செவ்வாய்
மைனஸ் பதினொன்று. மார்க்கம் நகருக்குப் போகும் வழியில் காரின் கண்ணாடி கழுவும் தண்ணீர் தீர்ந்தது. வாங்க வேண்டும்.

அக்காவின் பழைய லப்டொப்பில் இருந்த சிஸ்டத்தை அழித்து லினக்ஸ் போட்டாயிற்று. இப்போது பறக்கிறது. நன்றி கிடையாது. “என்ர பூனைப் படம் எங்கை?” என்றாள்.

நர்சிங் படிப்பில் திரும்பச் சேர அவளுடைய விண்ணப்பம். வெள்ளி பின்னேரம் ஐந்து மணி கடைசி. இரண்டு வருடம் ஏன் விட்டாய் என்று கொலிஜ் கேட்கிறது. போன தடவை மறுத்துவிட்டார்கள். இது கடைசித் தடவை.

மார்ச் 4, புதன்
கொப்பி பண்ணப் பழக்கினேன். கொப்பி பண்ணியது நிற்க லினக்ஸில் இரண்டு இடம். Ctrl+C கொடுத்தால் ஓர் இடத்தில் நிற்கும், Ctrl+V அதை ஒட்டும். மவுஸால் இழுத்து நீலமாக்கினாலே இன்னோர் இடத்தில் நிற்கும், மவுஸின் நடுச் சில்லை, அந்த உருளும் சக்கரத்தை, அமத்தினால் அது ஒட்டும். ஒன்று மற்றதைத் தொடாது.

“ரெண்டு என்னத்துக்கு? எனக்கு ஒண்டே காணும்.”

சிக்கல்: இவள் வாசிக்கும்போது வரி வரியாக மவுஸால் இழுக்கிறாள். புதிதாக நீலமாக்கினால் பழையது போய்விடும். முகவரி ஒட்ட வேண்டிய இடத்தில் கணவாய்க் கறிச் செய்முறை ஒட்டியது.

“உப்பிடி இழுக்காதை எண்டு எத்தனை தரம் சொல்லுறது?”
“இழுக்காட்டி வரி தப்பிப் போகும்.”
“சின்னப் பிள்ளையே நீ?”
“உன்னை ஆர் வாத்தியாரா வரச் சொன்னது?”

குசினியிலிருந்து அம்மா: “சண்டையை விட்டிட்டுச் சாப்பிட வாங்கோ.”

மார்ச் 6, வெள்ளி
ஈரப் பனி. வீட்டிலிருந்தே வேலை. 4:20க்கு அக்காவின் அறையிலிருந்து “தம்பி.” வேறு குரல்.

முதலில் ஃபைலில் எழுது என்றிருந்தேன். கேட்கவில்லை. விண்ணப்பப் பெட்டிக்குள்ளேயே மூன்று மணித்தியாலம் எழுதி, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்து வாசித்து, அனுப்பியிருக்கிறாள். நேரம் முடிந்தது, திரும்ப லொகின் பண்ணு என்றது பக்கம். பெட்டி வெறுமை. Ctrl+V கொடுத்தால் முன்பு கொப்பி பண்ணிய மாணவர் இலக்கம் மட்டும்.

“எல்லாம் போயிட்டுது.” கை மவுசுக்குப் போனது.

“கையை எடு. ஒண்டையும் நீலமாக்காதை.”

கடைசியாக இழுத்தது முழுப் பதிலையும். பிரவுசரை மூடவில்லை. அப்படியென்றால் அந்த இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டும். லொகின் பண்ணி, பெட்டியில் ஒரு கிளிக், சில்லை அமத்தினேன். நாலு பந்தியும் வந்தன.

“எங்கையிருந்து வந்தது?”
“நீ இழுத்ததிலையிருந்து.”

மூன்றாம் பந்தி கண்ணில் பட்டது. அம்மாவின் முதுகு ஒப்பரேசன், வீட்டில் ஒருவர் நிற்க வேண்டும். தம்பி நல்லவன், பொறுமை இல்லை, அதனால் நான் நின்றேன் என்று எழுதியிருக்கிறாள்.

“உந்த வரியை எடு.”
“ஏன், பொய்யோ?”

4:51. அனுப்பியாயிற்று. அந்த வரியோடு.

மார்ச் 7, சனி
அவளுடைய லப்டொப்பில் கிளிப்போர்ட் மனேஜர் போட்டேன். கடைசி ஐம்பது கொப்பியை வைத்திருக்கும். இனி அழிந்தாலும் தேடலாம்.
- கண்ணாடித் தண்ணீர்: இன்னும் வாங்கவில்லை
- பூனைப் படம்: நான் எடுத்துவைத்த பக்கப்பில் இருந்தது, திரும்பப் போட்டாயிற்று
- அம்மாவின் அடுத்த ஸ்கான்: நான் கூட்டிப் போவது. லீவு கேட்டாயிற்று

மார்ச் 24, செவ்வாய்
வெயில். கொலிஜ் மெயில். அக்கா திறக்கமாட்டாள். “நீயே வாசி.” கதவடியில் நின்றாள்.

சத்தமாக வாசித்தேன். மூன்றாவது வரியில் இருந்தது: இடம் கிடைத்திருக்கிறது. சரிதானா என்று முதலிலிருந்து இன்னொருமுறை, மெதுவாக.

கிட்ட வந்து ஸ்கிரீனைப் பார்த்தாள்.

“தம்பி, நீ ஏன் வரி வரியா மவுஸால இழுக்கிறாய்?”