திருப்பாத மீன்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜிங்வென் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் படகில் உள்ள மாமாக்களும் நலமாக இருக்க வேண்டும். வாயால் சொல்ல முடியாததை எல்லாம் எழுதி வை, கரைக்கு வந்து படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது. பக்கத்து வீட்டு சூலிங் அத்தையிடம் தங்கி, போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் திட்டாதீர்கள்.

நீங்கள் போன பிறகு தீவில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடப் படிக்கட்டில் எனக்கு முன்னால் ஏறுகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன. காயப்போட்டு எடுக்க மறந்த மீன்கள் கொடியில் அசையும்போது, கடல் மெல்ல வீதிக்கு வந்துவிட்டது போலவும், அவை அதில் நீந்துவது போலவும் இருக்கிறது. படகுகளுக்கு வழிகாட்டத் துறைமுகத்தில் சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் அது நாம் விட்டுவந்த மலையில் எருமை கத்துவது போலக் கேட்கிறது. விழித்துப் பார்த்தால் கடல்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நீங்கள் ஏற்பாடு செய்தபடி ஒருநாள் அத்தை வீட்டில், ஒருநாள் வலை தைக்கும் ஃபூ மாமா வீட்டில். சும்மா சாப்பிடுவதில்லை, கூடவே சமைக்கிறேன். மாவை எவ்வளவு நேரம் பிசைய வேண்டும் என்று மாமாவிடம் கேட்டால், "உன் காது மடலைத் தொட்டுப் பாரு, அந்த மாதிரி ஆகணும்" என்கிறார். நாம் கொண்டுவந்த மிளகாயை அவருடைய நண்டுக் குழம்பில் கொஞ்சம் போட்டேன். "மலைக்காரப் பொண்ணு என்னக் கொல்லப் பாக்குறா!" என்று இருமினார். பிறகு கிண்ணத்தை நீட்டி, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து, முழுசா செத்துப்போறேன்" என்றார். அத்தையிடம் மீன் வேகவைக்கக் கற்றுக்கொண்டேன். இஞ்சியும் அரிசி மதுவும் முதலில், உப்பில் ஊறிய கடுகுக்கீரை மேலே. கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கக் கூடாது, சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் குறுக்கே வைக்கக் கூடாது, படகு தரைதட்டும் என்பதெல்லாம் வந்த புதிதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. மீனை எப்போதும் அத்தையே பிரித்துப் போடுவார், அதனால் சொல்லத் தோன்றியிருக்காது.

ஒருநாள் ஃபூ மாமாவும் எங்களோடு சாப்பிட்டார். அத்தை சூப் எடுக்க அடுப்படிக்குப் போயிருந்தார். மீனின் மேல்பக்கம் தீர்ந்துவிட்டது. அத்தையின் குட்டி மகள் தௌதௌ கிண்ணத்தைத் தட்டித் தட்டி மீன் கேட்டாள். நம் ஊரில் வயல் மீனை எப்படிச் சாப்பிடுவோமோ அப்படியே நான் மீனைப் புரட்டிப் போட்டேன். சிதறாமல் திரும்பியது. பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். மாமாவின் குச்சிகள் காற்றிலேயே நின்றன. சூப்போடு வந்த அத்தை மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமாதான் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "கடலுக்குப் போனவங்க வீட்டுல மீனத் திருப்ப மாட்டாங்கம்மா. படகு கவுந்துரும்னு சொல்லுவாங்க."

அன்று இரவுதான் பனி இறங்கியது. மறுநாளிலிருந்து துறைமுகத்தில் வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறார்கள். மற்றப் படகுகள் பதில் சொல்கின்றன. உங்கள் படகு சொல்லவில்லை. அதே படகில்தானே அத்தையின் கணவரும் இருக்கிறார்.

யாரும் என்னைத் திட்டவில்லை, அப்பா. அதுதான் பயமாக இருந்தது. அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். மாமா கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்பேன். கண்ணை மூடினால் தட்டில் அந்த மீன் திரும்பும். அதன் வயிற்றுப்பக்கம் நம் படகின் அடிப்பக்கம் போலவே வெள்ளையாக இருக்கும்.

இன்று சாயங்காலம் அத்தையே வந்தார். "பட்டினி கெடந்து ஊரெல்லாம் எனக்குக் கெட்ட பேரு வாங்கித் தரப் போறியாடி?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மீன் வெந்து தயாராக இருந்தது. மேல்பக்கத்தை எல்லோருக்கும் போட்டார். பிறகு குச்சிகளை என் கையில் கொடுத்து, என் கையைத் தன் கையால் பிடித்து, தலைக்குப் பின்னால் எலும்பை நெம்பச் சொன்னார். வால்வரை முழு எலும்பும் சீப்பு போல எழுந்து வந்தது. அடியில் மறுபக்கம் அப்படியே கிடந்தது. "எலும்ப எடுத்தா போதும். எதுக்குத் திருப்பணும்?" என்றார். நான் அழுதேன். "மீனுக்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லடி, பைத்தியம்" என்றார். மறுகையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "ஆனாலும் இனிமே திருப்பாத" என்றார். என் கைமேல் இருந்த அவர் கை இன்னும் இறுகியது. அதுவரை நான் மட்டும்தான் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

மேசையில் உங்களுக்கும் அத்தையின் கணவருக்கும் கிண்ணம் வைத்திருந்தார், நிமிர்த்தித்தான். மீனின் மறுபக்கத்தைத் தௌதௌ கேட்டாள். ஃபூ மாமா தன் பங்கை அவளுக்குப் போட்டுவிட்டு, "அது படகுக்காரங்களுக்கு. தொட்டே, உன் மூக்கக் கடிப்பேன்" என்றார். அதை மூடி அடுப்பின் ஓரத்தில் வைத்திருக்கிறோம்.

அத்தை என்னைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். தூங்குவது போல மூச்சு விடுகிறார், ஆனால் சங்கு ஊதும்போதெல்லாம் அந்த மூச்சு நின்றுவிடுகிறது. போர்வைக்குள் இருக்கும் வெளிச்சம் அவருக்குத் தெரியத்தான் செய்யும். அணைக்கச் சொல்லவில்லை.

அப்பா, எலும்பு எடுக்க எனக்குத் தெரிந்துவிட்டது. மறுபக்கத்தை உடையாமல் உங்கள் கிண்ணத்தில் போடுவேன். ஆறிப்போனால் சுடவைக்கிறேன், கெட்டுப்போனால் நாளைக்கு வேறு மீன் வாங்கி வேகவைக்கிறேன், அதற்கு மறுநாளும் வைப்பேன். அத்தையின் கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பசியோடு வாருங்கள்.

மறுபக்கத்தைத் தொடாமல் காத்திருக்கும்
உங்கள் மகள்
ஜிங்வென்