மஸ்கட்டிலிருந்து வந்த வாட்ச்

ஏப்ரல் 20, ஞாயிறு

பக்கத்து ஊர் செழியன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அதே கம்பெனிதான் அவருக்கும். சாயங்காலம் மனைவி வானதியோடு வண்டியில் வந்து ஒரு பையைக் கொடுத்தார். மகள் எழில்மொழிக்குச் சாக்லேட். எனக்கு சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி.

“அண்ணன் ரெண்டா வாங்கினாரு அண்ணி. ஒண்ணு அவர் கையில கட்டியிருக்காரு. இது ஒங்களுக்கு.”

வாட்ச் என்று நினைத்தேன். எழில் பிரித்துப் பார்த்துவிட்டு, “வாட்ச் இல்லம்மா, பிட்னஸ் பேண்ட். நடக்குறது, தூங்குறது, இதயத் துடிப்பு எல்லாம் காட்டும்” என்றாள். எனக்கு அது வாட்ச்தான்.

இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “நல்லா இருக்காரு” என்று செழியன் தரையைப் பார்த்துச் சொன்னார். காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஆள் கருத்துப் போயிருக்கிறார். அவர் சைட்டில் கம்பி கட்டுகிறவர். இவர் ஸ்டோர் கீப்பர், ஏசியில் உட்கார்ந்து வேலை. அந்த ஒரு நிபந்தனையில்தானே அனுப்பினேன். மூன்று வருஷத்துக்கு முன் அறுவடையின்போது வயலில் மயங்கி விழுந்தவரைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். “துடிப்பு ஒழுங்கா இல்ல. மாத்திரைய விடக்கூடாது. வெயில்ல பாடுபடுற வேலையே இனி வேண்டாம்” என்றார் டாக்டர். வயலைக் குத்தகைக்கு விட்டது அதற்கப்புறம்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

இ-சேவை மையத்தில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு ஓடிபி கேட்டு வாங்குகிறவள் நான். இந்தச் சின்ன சாமானை போனோடு சேர்க்க எனக்கே அரை மணி நேரம் பிடித்தது. புளூடூத் என்றது, லொகேஷன் என்றது, எந்தக் கையில் கட்டுவாய் என்றது. வயது, உயரம், எடை கேட்டது. எழில் எட்டிப் பார்த்ததால் எடையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டேன்.

இவர் வீடியோ காலில் இருந்தார். “ஃபேமிலின்னு ஒண்ணு வரும் பாரு. அதுல என் நம்பரச் சேத்து ஓகே குடு.”

கொடுத்தேன். மையத்துக்கு வருகிறவர்களிடம் “படிச்சுப் பாத்துட்டு ஓகே குடுங்க” என்று தினமும் சொல்கிறவள், ஒரு வரி படிக்கவில்லை.

அடியில் பச்சை விளக்கு மின்னுகிறது. பாத்திரம் தேய்த்தால் நடந்ததாகக் கணக்கு வைக்கிறது. எழிலும் நானும் சிரித்தோம்.

ஏப்ரல் 25, வெள்ளி

அங்கே இன்று லீவு நாள். கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்டார்:

“நேத்து மத்தியானம் ஏன் ஒனக்கு அவ்வளவு துடிப்பு? என்ன பண்ணிக்கிட்டிருந்தே?”

சர்வர் படுத்துவிட்டது; பட்டா மாறுதலுக்கு வந்த ஒருவர் என்னிடம் கத்திவிட்டுப் போனார். அதைச் சொன்னேன்.

“யாரு அந்த ஆளு?”

யாராக இருந்தால் என்ன? நான் அவரிடம் சொல்லலாம் என்று இருந்த விஷயம்தான். ஆனால் நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. என்னவோ போல இருந்தது.

ஏப்ரல் 30, புதன்

பட்டைக்கு அடியில் வியர்வையில் சிவந்து அரிக்கிறது. கை மாற்றிக் கட்டினேன்.

மே 4, ஞாயிறு

இன்று சண்டை. காலையில் கழற்றி டிவி மேல் வைத்திருந்தேன். பத்து மணிக்குள் போன் வந்துவிட்டது.

“ஏன் கழட்டினே?”

“குளிக்கப் போனேன்.”

“ரெண்டு மணி நேரமாவா குளிக்கிறே?”

எனக்குப் பொறுக்கவில்லை. “நான் என்ன ஆடா மாடா, கழுத்துல மணி கட்டி விட்டுட்டு எங்க மேயுதுன்னு பாக்குறதுக்கு? எந்திரிச்சா கேக்குறீங்க, உக்காந்தா கேக்குறீங்க.”

 அவர் தணிந்த குரலில் சொன்னார். “ஒங்க அம்மா எப்படிப் போனாங்க? நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தாங்க? சோறு வடிச்சிக்கிட்டிருந்தவங்க அப்படியே சாஞ்சாங்க. நீயும் அதே வயசுக்கு வர்றே. நான் இங்க கெடக்குறேன். எனக்கு வேற எப்படித் தெரியும்?”

 வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஆனால் கோபம் போகவில்லை. அக்கறையாகவே இருக்கட்டும் — என்னைக் கேட்டுவிட்டுப் பார்த்தால் ஆகாதா?

மே 7, புதன்

ஃபேமிலி என்று இருப்பதை நீக்கிவிடலாமா என்று மதியம் ஆளில்லாத நேரத்தில் திறந்து பார்த்தேன். இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று நான். இன்னொன்று அவர். இரண்டு பக்கமும் தெரியும்படிதான் அது அமைந்திருக்கிறது. அவரும் படிக்காமல் ஓகே கொடுத்திருக்கிறார்.

அவர் பெயரைத் தொட்டேன். கோடு கோடாக வந்தது. இதயத் துடிப்பு காலையில் கிளம்பி மதியம் வரை ஏறிக்கொண்டே போகிறது. உச்சியில் நின்று சாயங்காலம்தான் இறங்குகிறது. நடந்த தூரம் என்னைப் போலப் பல மடங்கு. முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தரையோடு தரையாகக் கிடக்கிறது.

ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இப்படியா ஓடும்?

மே 8, வியாழன்

இன்றும் அப்படியே.

மே 11, ஞாயிறு

அவருக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அவரை எதற்குத் திட்டினேனோ அதையே செய்கிறேன். செய்யாமலும் இருக்க முடியவில்லை. அரிசி களையும்போதும் ஈரக் கையோடு போனைத் திறக்கிறேன்.

இன்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். “ஸ்டோர்ல வேலை அதிகமா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. உக்காந்து உக்காந்து தொப்பைதான் போடுது.”

“ஒங்க சீட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எழிலு கேக்குறா.”

அரை மணி நேரம் கழித்து வந்தது. மேசை, கம்ப்யூட்டர், பக்கத்தில் சிரித்துக்கொண்டு அவர். சுவரில் தொங்கும் காலண்டரில் டிசம்பர்.

எழிலிடம் சொல்லவில்லை. ரிசல்ட் வந்து, நல்ல மார்க் வாங்கி, எந்தக் காலேஜ் என்று அலைந்துகொண்டிருக்கிற பிள்ளை.

மே 13, செவ்வாய்

வேலை முடிந்ததும் நேரே வானதி வீட்டுக்குப் போனேன். செழியன் போன வாரமே திரும்பிப் போய்விட்டார். நான் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“ஸ்டோர் என்ன ஆச்சு வானதி?”

“அக்கா, அவரு சொல்லக் கூடாதுன்னு...”

“நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். இல்லன்னா இல்லன்னு மட்டும் சொல்லு. அவரு வெயில்லதானே நிக்கிறாரு?”

அவள் இல்லை என்று சொல்லவில்லை. மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பொங்கல் முடிந்ததும் ஸ்டோரை மூடிவிட்டார்களாம். ஊருக்குப் போகிறவர்கள் போகலாம், இருக்கிறவர்களுக்கு சைட்டில் வேலை என்றார்களாம். இவர் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். செழியனோடு கம்பி கட்டுகிறார். “ஒங்கண்ணிக்குத் தெரிஞ்சா நான் இங்க இருக்க முடியாது” என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். வாய்க்கால் கரையோடு நடந்து வந்தேன். கோடை உழவு போட்ட வயல் எல்லாம் கட்டி கட்டியாகக் கிடந்தது. இந்த வெயிலையே தாங்காதவர். அங்கே எப்படி —

மே 14, புதன்

கேட்டுவிட்டேன்.

முதலில் இல்லை என்றார். அப்புறம் யார் சொன்னது என்றார். “ஒங்க நெஞ்சுதான் சொல்லுச்சு. நீங்க என்னைப் பாக்குற மாதிரி நானும் ஒங்களப் பாக்குறேன்” என்றேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. 

“என்ன பண்ணச் சொல்றே? ஊரெல்லாம் ஸ்டோர் கீப்பர்னு சொல்லியாச்சு. ஒங்க அண்ணன் என்ன சொன்னாரு அன்னைக்கு? இவன் மூணு மாசத்துல திரும்பி வந்துருவான்னு சொல்லல? வந்து நின்னு என்ன பேசச் சொல்றே?”

“எங்க அண்ணன் சொன்னதுக்காக நீங்க சாவணுமா?”

“சாவுற மாதிரி இப்ப என்ன ஆயிடுச்சு? எல்லாரும்தான் நிக்கிறான்.”

“எல்லாருக்கும் டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரா? என்கிட்ட பொய் சொல்லிக்கிட்டு, நான் ரெண்டு மணி நேரம் கழட்டி வச்சதுக்குக் கேள்வி கேட்டீங்களே, எப்படிங்க வாய் வந்துச்சு?”

போனை வைத்துவிட்டார். எழில் அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

மே 15, வியாழன்

அவர் பெயரைத் தொட்டால் வெறும் சாம்பல் நிறம். தன் பக்கத்தை மூடிவிட்டார்.

மே 19, திங்கள்

நான்கு நாளாகப் பேச்சில்லை. ‘சாப்பிட்டேன்’, ‘வேலையில் இருக்கிறேன்’ என்று மெசேஜ் மட்டும். தெரியாமல் இருந்தபோது நிம்மதியாக இருந்தேன். தெரிந்தபின் பார்க்க வழியில்லாமல் இருப்பது கொடுமை. மதியம் பன்னிரண்டு ஆனாலே போனைத் திறந்து அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்க்கிறேன். இன்று ஒருவரின் விண்ணப்பத்தில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இவர் பெயரை அடித்துவிட்டேன் — இளவழகன் என்று. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் விண்ணப்பம் கொடுத்தவரே பார்த்துவிட்டார்.

எழில், “நீயும் மூடிடும்மா. அப்பாவுக்குப் புரியட்டும்” என்கிறாள்.

விரல் அந்த பட்டன் வரைக்கும் போனது. அழுத்தவில்லை. பார்க்கிறாரோ இல்லையோ, பார்க்க வேண்டும் என்று தோன்றினால் நான் அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

மே 22, வியாழன்

 எழுதினால்தான் மனசு அடங்கும்.

விடிந்ததும் பால் வாங்கிக்கொண்டு வரும்போது போன் அடித்தது. அவர்தான்.

“கயலு, இத்தனை நாளா நீ தூங்கவே இல்லியே.”

தெருவிலேயே நின்றுவிட்டேன். “பாக்குறீங்களா?”

“பாக்குறேன். தெனம் பாக்குறேன். எனக்கும் இதுல ரெண்டு நாளா என்னமோ செவப்பு எழுத்துல வருது. துடிப்பு ஒழுங்கா இல்ல, டாக்டரப் பாருன்னு. வாட்ச் கோளாறுன்னு நெனச்சேன்.”

“மூச்சு வாங்குதா?”

“ஏணில ஏறுனா வாங்குது. நேத்து ரெண்டு தடவை கண்ண இருட்டுச்சு.”

“மாத்திரை?”

“அது வந்து...” என்று இழுத்தார்.

“மாத்திரை எங்கங்க?”

“தீந்து ஒரு மாசம் ஆச்சு. செழியன்கிட்ட சொல்லி வாங்கியாரச் சொல்லலாம்னு பாத்தேன். அவன் ஒன்கிட்ட வந்து கேப்பான்னு விட்டுட்டேன்.”

பின்னால் ஹார்ன் சத்தம். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். சைட் பஸ்ஸுக்கு என்றார். யாரோ இந்தியில் கத்துவது கேட்டது. “ஃபோர்மேன் கூப்புடுறான். சாயங்காலம் பேசுறேன்.”

“ஏறாதீங்க.”

“கயலு...”

“அந்த பஸ்ல கால வச்சீங்கன்னா இத இங்கயே கழட்டி வாய்க்கால்ல போட்டுடுவேன். அப்புறம் நான் தூங்குறேனா செத்தேனான்னு ஒங்களுக்குத் தெரியாது. சாமி சத்தியமா சொல்றேன். யாரு என்ன சொன்னா என்ன, திரும்பி வந்துட்டான்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு நீங்க வேணும்.”

ஹார்ன் திரும்ப அடித்தது. நீளமாக. இன்ஜின் சத்தம் பெரிதாகி, அப்புறம் சிறிதாகி, தேய்ந்து போனது. என் காதில் ரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது.

“போயிட்டான்” என்றார்.

“நீங்க?”

“நிக்கிறேன். செழியனும் ஏறல.”

பால் பாக்கெட் எப்போது கையிலிருந்து விழுந்தது என்று தெரியவில்லை. செழியனிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ தம்பி என்றேன். “சரிங்கண்ணி” என்றார். அவர் குரலும் சரியில்லை.

சாயங்காலம் செழியனிடமிருந்து ஒரு மெசேஜ்: அட்மிட் பண்ணியிருக்காங்க.

மே 23, வெள்ளி

போன் வரவில்லை. எழில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். சின்ன வயதுக்கு அப்புறம் இன்றுதான்.

மே 24, சனி

பேசினார். நாக்கு குழறுகிறதோ என்று பயந்தேன், மருந்து மயக்கமாம். துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் விட்டிருந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். இப்போது பரவாயில்லை. இனி வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம், ஊருக்கு டிக்கெட் கொடுத்துவிடுவார்களாம்.

“சந்தோஷமா?” என்று கேட்டார்.

குத்திக் கேட்டாரா, உண்மையாகக் கேட்டாரா? இரண்டுமாக இருக்கும். ஆமாம் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

திருச்சி ஏர்போர்ட்டில் அவரை முதலில் அடையாளம் கண்டது எழில். நான் அவரைத் தாண்டிப் பின்னால் தேடிக்கொண்டிருந்தேன். சட்டை தொங்குகிறது. கழுத்து வரை கறுப்பு, அதற்குக் கீழே பழைய நிறம்.

 காரில் தஞ்சாவூர் தாண்டும்போது, “மேட்டூர் தெறந்தாச்சாமே” என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டை விட்டு வெளியே போவதில்லை. யார் வந்து கேட்டாலும் லீவில் வந்திருக்கிறேன் என்கிறார். என் அண்ணன் வந்தபோது கொல்லைப்பக்கம் போய்விட்டார். அண்ணன் ஒன்றுமே சொல்லவில்லை, பழம் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதுவும் இவருக்குக் குறையாகிவிட்டது. “பாவம் பாக்குறாரு” என்கிறார்.

வாட்சை நான் கழற்றிவிட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. டாக்டர் சொன்னதற்காக அவர் மட்டும் கட்டியிருக்கிறார். இன்று நானாகவே கேட்டேன்: “நான் பாக்கலாமா?”

“பாரு” என்று கையை நீட்டினார்.

வெயிலைக் கண்டால் ஒதுங்கு, குடை பிடி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் எரிச்சல். “ஊர் சிரிக்கும். நான் என்ன வெள்ளக்காரனா?”

 சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நன்னிலத்தில் எங்கள் மையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ரைஸ் மில் எடை மேடையில் இன்று அவருக்கு முதல் நாள். உட்கார்ந்து செய்யும் வேலை. யாரையும் சிபாரிசுக்குப் பிடிக்காமல் அவரே போய்க் கேட்டு வாங்கியது. காலையில் என்னிடம்கூடச் சரியாகச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

மதியம் மையத்தில் நல்ல கூட்டம். வெளியே பார்வை போனது. கொளுத்தும் வெயில். பஜாரில் எல்லாரும் கடை ஓரமாக நிழல் பார்த்து ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நடு ரோட்டில் ஒரு குடை மட்டும் விரிந்து வந்தது. ரோஜாப்பூ போட்டது, ஓரத்தில் லேஸ் வைத்தது. எழில் காலேஜுக்கு வாங்கியது.

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஏதோ கேட்டார். இவர் நின்று பதில் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். குடையை மடக்கவில்லை.

படியேறி வாசலுக்கு வந்தபிறகுதான் மடக்கினார்.

“சாப்பாடு எடுத்துட்டுப் போவ மறந்துட்டேன்” என்றார். “ஒன்கிட்ட இருக்கா?”

இருந்தது. இரண்டு பேருக்கும் போதும்.