அப்பா பாதி

சேசு மரி சூசை

கம்பைநல்லூர்,
14-12-1969.

சகாயமேரியின் அப்பாவுக்கு மிக்கேலம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நாங்கள் மூவரும் ஆடு மாடுகளும் சுகம். பிலாய் உருக்காலையில் கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில் நிற்கிற உங்களுக்காகத்தான் தினமும் ஜெபமாலை சொல்லி முடிக்கிறோம். நீங்கள் அனுப்பிய கம்பளி வந்தது. உங்கள் தங்கை இன்னாசியம்மாள் அதைப் பகலிலும் போர்த்திக்கொண்டு திரிகிறாள்.

ராகி அறுத்து, அடித்து, அளந்தாகிவிட்டது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள்தான் ஜெயித்தீர்கள். பள்ளிக்கூடத்துப் பாதியைவிட அப்பா பாதியில் ஒரு வள்ளம் கூடுதல். அதற்காகக் கடிதத்தை இதோடு மடித்து வைத்துவிட்டு சகாயமேரிக்கு மாப்பிள்ளை தேடக் கிளம்பிவிடாதீர்கள். மீதியையும் படியுங்கள்.

வைகாசியில் நீங்கள் லீவில் வந்தபோது, பத்தாம் வகுப்பில் விவசாயப் பிரிவு எடுத்திருக்கிறேன் என்று பிள்ளை சொன்னதும் எப்படிக் குதித்தீர்கள்! 'மம்மட்டி புடிக்க எதுக்குப் பள்ளிக்கூடம்? பொட்டப்புள்ள வூட்டுலயே புடிக்கலாமே' என்றீர்கள். அந்தப் பிரிவில் இவள் ஒருத்திதான் பெண். தீர்த்தகிரி வாத்தியார் சைக்கிளில் வந்து, ஒவ்வொரு பிள்ளையும் சொந்த நிலத்தில் தன் கையால் ஒரு பயிர் எடுக்க வேண்டும், நான் வந்து வந்து பார்ப்பேன் என்று விளக்கிச் சொன்னார். நீங்கள்தான் கிணற்று மேட்டு வயலை இரண்டாகப் பிரித்தீர்கள். ஒரு பாதி பள்ளிக்கூடத்து முறை, மறுபாதி உங்கள் முறை. 'பள்ளிக்கூடம் ஜெயிச்சா பதினொண்ணாவது படிக்கட்டும், இல்லாட்டி அறுப்போட படிப்பும் முடிஞ்சுது' என்று வாத்தியார் எதிரிலேயே சொன்னீர்கள்.

சொன்னபடியேதான் செய்தோம். உங்கள் பாதியில் கையால் தூவினோம். அவள் பாதியில் நாற்று விட்டு, கயிற்றில் சாண் சாணாக முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒரு நாற்றாக நட்டு, யூரியாவும் போட்டாள். 'ராகிக்குக் கயிறு கட்டுற கூத்த இப்பத்தான் பாக்குறோம்' என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். வாத்தியார் சனிக்கிழமை தோறும் வந்து, வேரைப் பிடுங்கிப் பார்த்து, கேள்வியாய்க் கேட்டு அவளைத் துளைத்துவிட்டுப் போவார். புரட்டாசியில் அவள் பாதி கரும்பச்சையாக நின்றது. உங்கள் பாதி வெளுத்துப் போய், பார்க்கவே பாவமாக இருந்தது. சொன்னால் கோபம் வரும், ஆனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

பிறகு என்ன மாயமோ, உங்கள் பாதி திடீரென்று பச்சை கட்டிக் கிளம்பியது. வாத்தியாரே தலையைச் சொறிந்தார். அடித்து முடித்த அன்று பிள்ளை இரண்டு தடவை அளந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து ஜாமெட்ரி பெட்டியைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தாள்.

போன ஞாயிறு கிறிஸ்துமஸுக்காகச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனோம். உங்கள் தங்கை உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் இன்னாசி பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளையிடமே சொல்லிவிடு என்று சாமியார் அனுப்பினாராம். புரட்டாசி முழுக்க, நாங்கள் எழுவதற்கு முன்பே ஆட்டுப்பட்டியிலிருந்து எருவைக் கூடை கூடையாகச் சுமந்து உங்கள் பாதியில் கொட்டியிருக்கிறாள்! 'அந்தப் பக்கத்துக்கு மட்டும் யூரியா போட்டீங்க. இந்தப் பக்கம் எங்கண்ணனே பசியோட நிக்குற மாதிரி இருந்துச்சு. அவரு இல்லாத நேரத்துல அவரு பாதி தலை தொங்குனா நாலு சனம் என்ன பேசும்?' என்றாள்.

நான் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். அத்தையைக் கட்டிக்கொண்டு, எத்தனை கூடை, மக்கிய எருவா, பச்சை எருவா என்று வாத்தியார் மாதிரியே கேட்கத் தொடங்கிவிட்டாள். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டு, 'அப்பாவுக்கு இத எழுதாதீங்கம்மா, அத்தைக்குத்தான் வசவு வுழும். அப்பா ஜெயிச்சதாவே இருக்கட்டும்' என்றாள். தன் படிப்பு போனாலும் அத்தைக்கு வசவு விழக் கூடாதாம். எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

வாத்தியாரிடம் மட்டும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர் நேற்று வந்தார். இரண்டு பக்கமும் சாப்பிட்டிருக்கிறது, இதில் ஜெயமும் இல்லை தோல்வியும் இல்லை என்றார். அடுத்த வருஷம் எருவும் யூரியாவும் சேர்த்து ஒரு பாதியில் போட்டுப் பார்க்க வேண்டுமாம். அதற்கு இவள் பதினொன்றாம் வகுப்பில் இருக்க வேண்டும், உங்களைக் கேட்டு எழுதச் சொன்னார்.

இன்னாசியை ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். உங்கள் மேல் வைத்த பாசத்தில் செய்தது. இனி விடியுமுன் ஆட்டுப்பட்டிப் பக்கம் போவதில்லை என்று அந்தோணியார் மேல் சத்தியம் செய்திருக்கிறாள். அடுப்புச் சாம்பல் கலந்து விதை எடுத்து வைத்தாயிற்று. பரண்மேல் இருந்த பெட்டியையும் உங்களைக் கேட்காமலே இறக்கிக் கொடுத்துவிட்டேன். அதற்கு வேண்டுமானால் என்னை ஏசுங்கள்.

பிறக்கப்போகும் சேசு பாலன் உங்களுக்கு நல்ல உடம்பையும், நல்ல மனசையும் தரட்டும். ஆடியில் எப்படியாவது லீவு கேளுங்கள். கயிற்றுக்கு ஒரு முனையை நான் பிடிப்பேன். போன தடவை மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் முளைக்குச்சியில் கட்டித்தான் பிள்ளை நட்டாள்.

வழி பார்த்திருக்கும்,
மிக்கேலம்மாள்.