மூச்சுத்தோல்

திங்கள், காலை 7:10

ஆழம் முப்பத்திரண்டு அடி. உள்ளே ஆக்சிஜன் 20.8 சதவீதம். தண்ணீர் தெளிவு. உப்புமாப் பொட்டலம் வழக்கம்போல் மண் ருசி.

இதைப் படிப்பவர் யாரென்று தெரியாது, ஆகவே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நான் உலகம்மாள், நீர்ப்பூச்சி ஆய்வாளர். கருங்கால் ஆற்றில் ஆனைமடு என்ற பள்ளத்தின் தரையில் இறக்கிவைத்த இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கரையில் எனக்குத் துணை ரெக்ஸன் ஒருவன்தான். அவன் படகைக் கொண்டுவந்து சங்கிலியால் தூக்கினால்தான் நான் மேலே போக முடியும். கதவை உள்ளிருந்து தள்ளித் திறக்கலாம் என்று கனவு காணாதீர்கள். வெளித்தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது.

கூட்டில் காற்று உருளை கிடையாது. வெளிச்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிர். அது நனையாது, அதன்மேல் மெல்லிய காற்றுப் படலம் ஒட்டி நிற்கும். ஆற்றின் ஆக்சிஜன் அதன் வழியே உள்ளே வரும், என் கெட்ட மூச்சு வெளியே போகும். இதற்கு மூச்சுத்தோல் என்று பெயர்.

இது ஏதோ எங்கள் மூளையில் உதித்ததல்ல. இப்போது ஜன்னல் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் வெள்ளிமூட்டை என்ற பூச்சியிடம் திருடியது. பார்வைக்கு மூட்டைப்பூச்சிக்குத் தம்பி. வயிற்றில் இதே மயிர், இதே காற்று, அதனால்தான் அந்த மினுக்கம். பிறந்ததிலிருந்து சாகும்வரை அது மூச்சுக்காக மேலே வரவே தேவையில்லை. கொடுத்துவைத்த பிறவி.

செவ்வாய், முற்பகல் 11:40

வெளிச்சம் திடீரென்று காப்பிக் கலராகிவிட்டது. விளக்குக் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். பிறகு கரையிலிருந்து வரும் கம்பித் தொலைபேசியில் ரெக்ஸன் கூப்பிட்டான்.

"அக்கா, மேல கச்சா எண்ணெய்க் குழாய் ஒடைஞ்சிட்டு. ஆறு பூராவும் கருப்பாக் கெடக்கு. நாத்தம் தாங்க முடியல. படக எடுக்கக் கூடாதுன்னு தீயணைப்பு ஆபீசர் சொல்லுதாரு. இஞ்சினு பொறி பட்டா ஆறே பத்திக்கிடுமாம்."

"எண்ணெய் மெதக்கும்ல. நான் அடியிலதான கெடக்கேன். எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ தள்ளி நில்லு."

சொன்னது உண்மைதான். ஆனால் மேலே இருப்பவை வந்து விழத் தொடங்கிவிட்டன. தண்ணீர்மேல் ஓடும் நெட்டைக்கால் பூச்சிகள் கால் நனைந்து மூழ்கி வருகின்றன. நீர்வண்டுகள் பின்புறத்தை மேலே நீட்டிக் காற்று வாங்கப் போகின்றன, எண்ணெய் மூச்சுத்துளையை அடைத்துவிடுகிறது. ஒன்று இந்தக் கண்ணாடிக்கு நேரே துடித்துக்கொண்டே இறங்கியது. நான் விரலால் கண்ணாடியைத் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

புதன், மாலை 4:25

ஆக்சிஜன் 20.7. பரவாயில்லை. அடியில் வாழும் வெள்ளிமூட்டைகள் ஒன்றுகூடச் சாகவில்லை. அவை பிழைத்தால் நானும் பிழைப்பேன், எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தோல்.

நாணலில் ஏறித் தோலுரிக்கப் போன தட்டான் குஞ்சுகள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமலிருக்கப் பார்க்கிறேன். கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டுகிறது. நேற்றுவரை இது எனக்கு உறைக்கவே இல்லை.

ரெக்ஸன் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு "சாப்டியளா, தூங்கினியளா" என்று உயிரை எடுக்கிறான். கத்திவிட்டேன். "நல்ல சேதி இருந்தா மட்டும் கூப்புடுல" என்றேன். அதோடு அடங்கிவிட்டான். அடங்கியதும் எனக்குத்தான் பிடிக்கவில்லை.

வியாழன், காலை 9:05

வெளிச்சம் திரும்பிவிட்டது. ஆனால் தண்ணீர் அரிசி களைந்ததுபோல் கலங்கல். ரெக்ஸன் சந்தோஷத்தில் மூச்சு வாங்கப் பேசினான். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அக்கா, நல்ல சேதி. ஊரே தெரண்டு வந்துட்டு. கடைக் கடையாப் போயி சோப்புத்தூளு, பாத்திரம் கழுவுத லிக்விடு எல்லாத்தையும் வாங்கிக் கரைச்சோம். வயலுக்கு மருந்தடிக்கிற மிஷினக் கொண்டாந்து மடு பூராவும் அடிச்சாச்சு. எண்ணெய் தேச்சு சீயக்காய் போட்டா தல எப்டி இருக்கும், அப்டி இருக்கு ஆறு. எண்ணெயே இல்லக்கா. ஆபீசரே அசந்துட்டாரு. படகு எடுத்துக்கோன்னுட்டாரு."

முதலில் ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்தேன்.

எண்ணெய் போகவில்லை, தூள்தூளாகிவிட்டது. மிதந்தவரைக்கும் ஆற்றின் மேல்மாடிதான் செத்தது. சோப்பு அதை மாடிப்படி இறங்க வைத்துவிட்டது. போதாததற்கு, நனையாததை நனைய வைப்பதுதான் சோப்பின் வேலையே; என் மூச்சுத்தோலும் நனைந்துவிடும். எண்ணெய்ச் சட்டி கழுவிய யாருக்கும் முதலில் சோப்புதான் தோன்றும், பாவிப் பயலை என்ன சொல்ல.

"படகு எங்க நிக்கி?"

"கீழ அணைக்கட்டுல. கொண்டார சாயந்தரம் ஆயிரும். ஏன்க்கா, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"பசிக்கி. சாளை மீன் குழம்பு வச்சு வை. உப்பக் கொறச்சுப் போடு."

சொல்லியிருக்கலாம். சொன்னால் கைலியை வரிந்து கட்டிக்கொண்டு குதித்துவிடுவான். இந்த ஆழத்துக்கு முங்க அவனுக்குத் தெரியாது. இரண்டு பிணம் எதற்கு?

வியாழன், முற்பகல் 10:30

ஆக்சிஜன் 19.2.

ஜன்னலில் இருக்கும் வெள்ளிமூட்டையின் வயிறு ஒரு ஓரத்தில் கறுத்திருக்கிறது. வெள்ளி போன இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. காலால் அந்த இடத்தைத் துடைக்கிறது. மறுபடி மறுபடி துடைக்கிறது. மேலே போகலாம் என்று அதற்குத் தெரியாது, அது போனதே இல்லை.

வியாழன், நண்பகல் 12:15

16.4. தலை இடிக்கிறது. எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும்.

பூச்சி விழுந்துவிட்டது. வெளி விளக்கைப் போட்டுச் சுவரைப் பார்த்தேன். என் மூச்சுத்தோல் முக்கால்வாசி கறுத்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதினால் பயம் குறையும் என்பார்கள், குறையவில்லை.

சாயந்தரம் வரை தாங்காது. நான் கணக்கில் புலி இல்லை, ஆனாலும் இந்தக் கணக்கு தெரிகிறது.

வியாழன், 1 மணி இருக்கும்

ஒரு வழி உண்டு. கூட்டின் அடியில் இருக்கும் தண்ணீர்க் குழாயைத் திறந்து ஆற்றை உள்ளே விட வேண்டும். தண்ணீர் கழுத்துவரை வந்து, உள்ளும் புறமும் அழுத்தம் ஒன்றானால் கதவு திறக்கும். பிறகு நீந்திப் போக வேண்டியதுதான். நீர்வண்டு இறக்கைக்கு அடியில் காற்றை மடித்து எடுத்துக்கொண்டு முங்கும். என்னிடம் தண்ணீர் மாதிரி எடுக்கிற பிளாஸ்டிக் பை இருக்கிறது. அதில் காற்றைப் பிடித்து முகத்தில் கவிழ்த்துக்கொள்வேன்.

இந்த ஏட்டை மூடி இறுகிய குப்பிக்குள் போட்டு, கதவு திறந்ததும் முதலில் அதைத்தான் விடுவேன். குப்பி மிதக்கும். நான் மிதப்பேனா என்பது வேறு விஷயம்.

குப்பி மட்டும் கிடைத்திருந்தால், ரெக்ஸனிடம் சோப்பைப் பற்றிச் சொல்லாதீர்கள். அவன் நல்லவன். தாங்க மாட்டான்.

குழாயைத் திறந்துவிட்டேன்

கணுக்கால். ஐஸ் மாதிரி இருக்கிறது.

முழங்கால்.

செத்த பூச்சிகளும் கூடவே வருகின்றன. காலில் ஒட்டுகின்றன. தண்ணீர் நுரைக்கிறது. எலுமிச்சை வாசனை அடிக்கிறது, எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவுகிற அதே எலுமிச்சை.

இடுப்பு. குப்பியை மூட வேண்டும்.

முன்னே எழுதியதை அடித்துவிடுங்கள். ரெக்ஸனிடம் சொல்லுங்கள். உட்காரவைத்து முழுசாகச் சொல்லுங்கள். அழுவான், அழட்டும். எண்ணெய்க் குழாய் இன்னொரு ஆற்றிலும் உடையும், அன்றைக்கும் ஊர் கூடும், சோப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும். கரையில் குறுக்கே நின்று மறிக்க ஒருத்தன் வேண்டும்.

அவன் இந்நேரம் குழம்பை அடுப்பில் வைத்திருப்பா—