வீட்டோடு நின்ற கீமியா

இரத்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுதர்சினிக்கு,

விதுஷா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், மழைதான் விடுவதாக இல்லை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் காலையிலிருந்தே மூடிக்கிடக்கிறது. ஸ்டோரில் கராம்பு காயாமல் குவிந்துபோய், நானும் கூட வேலை செய்கிற ஸில்மியாவும் ஈரக் கராம்பையே காம்பு பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மா இப்போது கம்பில்லாமல் நடக்கிறார். ஆனால் கொழுந்து பறிக்க இனி மலை ஏற முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகிற பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

உன் அப்பா கொண்டுவந்த அட்டைகளும் அவற்றில் எழுத வேண்டியதைக் குறித்து நீ அனுப்பிய தாள்களும் கிடைத்தன. கணித, விஞ்ஞானக் கண்காட்சியில் வைக்கும் சொல் வரலாறுகளுக்கு என் கையெழுத்துத்தான் வேண்டும் என்று கேட்டிருந்தாய். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். உன் அப்பாவே நாளைக்குக் கண்டிக்கு வரும்போது கொண்டுவருவார்.

அல்ஜீப்ரா அட்டையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாம் அட்சரகணிதம் என்று படித்தது அரபியில் அல்ஜப்ர் என்பதும், முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அதே சொல் என்பதும் அவருக்குப் பெரிய வேடிக்கை. காலை நீட்டிக்கொண்டு, "அப்ப எனக்கு பிளாஸ்டர் போட்டது கணக்குப் படிப்பிக்கிற சேரா?" என்று கேட்டார்.

இரசாயனவியல் அட்டை எனக்குப் பிடிக்கவில்லை. அரபியிலும் பாரசீகத்திலும் கீமியா என்று ஒரே சொல் இருந்ததாம். அது அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பிரெஞ்சில் ஷிமி ஆனதாம். பிறகு பாரசீகர்களே புது விஞ்ஞானத்துக்கு அந்த ஷிமியை வாங்கிக்கொண்டார்களாம். வீட்டோடு நின்ற கீமியாவுக்கு, ஈயத்தைத் தங்கமாக்கும் பழைய வித்தை என்ற அர்த்தம் மட்டும் மிஞ்சியதாம். இதை நிஹ்லா கண்டுபிடித்தாள் என்றும், எவ்வளவு கெட்டிக்காரி பார் என்றும் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். கெட்டிக்காரிதான். ஆனால் கீமியா என்ன தப்புச் செய்தது?

உன் கடிதத்தில் வரிக்கு வரி நிஹ்லா. விடுதியில் நிஹ்லா பக்கத்துக் கட்டில். நிஹ்லாவுக்கு அரபு எழுத்து வாசிக்க வரும். நிஹ்லாவின் உம்மா அனுப்பிய வட்டிலப்பத்தைப் போல நீ வாழ்க்கையில் சாப்பிட்டதே இல்லை. போன தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கைப் பற்றியும் நீ இப்படித்தான் சொன்னாய்.

சைபர் அட்டையைக் கடைசியாகத்தான் எடுத்தேன். ஃபோனுக்குக் காசு போட ரீலோட் கடையில் நீ நம்பர் சொன்னபோது கடைக்காரர் சைபர் ஏழு என்று திருப்பிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பூச்சியம், கடையில் மட்டும் ஏன் சைபர் என்று உன் காதில் கேட்டது நான். எப்போதும்போல மறுநாள் வகுப்பில் கையுயர்த்தியது நீ. "நல்ல கேள்வி, சுதர்சினி" என்று சேர் சொன்னார். அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஏனென்றால் நீ திரும்பி என்னைப் பார்த்தாய்.

இப்போது பதில் தெரிந்துவிட்டது. சூன்யத்தை அரபியர் ஸிஃப்ர் என்றார்கள், பாரசீகத்தில் ஸெஃப்ர், பிரெஞ்சில் ஷிஃப்ர் ஆகி எல்லா இலக்கங்களுக்கும் பெயரானது, ஆங்கிலத்தார் சைபர் என்றார்கள், அது நம் கடைவரைக்கும் வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சைபரைப் பற்றிச் செய்யலாம் என்று முதலில் சொன்னது நிஹ்லா என்று எழுதியிருக்கிறாய். அவள் யாரிடம் கேட்டுச் சொன்னாள்?

அதில் ஒரு பிழையும் விட்டேன். நிஹ்லா எழுதித் தந்த பாரசீகச் சொல்லை, நம் எழுத்தைப் போல இடப்பக்கமிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டேன். குர்ஆன் ஓதுகிற ஸில்மியா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்னடி இது, எழுத்தெல்லாம் ஒன்டோட ஒன்டு கோவிச்சிக்கிட்டு நிக்கிது! இது வலப்பக்கமிருந்து கையக் கோத்துக்கிட்டு வரணும்" என்றாள். வெள்ளைத்தாள் ஒட்டி மறுபடி எழுதினேன். பிறகு அவள் அட்டையின் அடியைப் பார்த்து, "இவ்வளவும் எழுதுறது நீ, உன் பேரு எங்க?" என்று கேட்டாள். நான் பேனையை மூடினேன். "வாயில கராம்பா வெச்சிருக்க?" என்று போய்விட்டாள்.

தயாரிப்பு என்று நீ குறித்த இரண்டு பெயர்களையும் எழுதிவிட்டேன். நிஹ்லாவின் பெயர் முதலில் மெலிதாக விழுந்தது. பேனையில் மை குறைவு என்று வைத்துக்கொள். பிறகு மேலே ஒரு தரம் ஓட்டி, உன் பெயரளவு தடிப்பாக்கினேன். இரண்டையும் நடுவில் எழுதாமல் இடப்பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அளவு பிழைத்துவிட்டதே என்று உன் அப்பா கவலைப்பட்டார். பிழைக்கவில்லை, சுதர்சினி. பேனையையும் அட்டைச் சுருளுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

முத்துமாரியம்மன் துணையிருப்பாள். உங்கள் இரண்டு பேருக்கும் முதலிடம் கிடைக்க வேண்டும் என்று கும்பிட்டேன், மெய்யாகவே. நன்றாகச் சாப்பிடு. அந்த வலப்பக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிடாதே. என் பெயரை என் கையாலேயே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன்,
விதுஷா