சம்பந்திக்கு ஒரு பர்பன் பாட்டில்

யோங் பெங்,
நவம்பர் 9, ஞாயிறு.

அன்பு மகள் அமண்டாவுக்கு,

அந்தக் குளிர் தேசத்தில் ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளை நேதனையும் கதகதப்பாக வைத்திருக்கட்டும். இங்கே உன் அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. தினமும் மூன்று மணிக்கெல்லாம் மழை கொட்டுகிறது. கல்யாணச் சேலைக்கு ரவிக்கை தைத்து வந்துவிட்டது. பேட்ரிசியா சித்தி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறாள். போட்டுப் பார், கை இறுக்கமாக இருந்தால் சொல்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்கிறார். பேசுங்க என்று நீட்டினால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். உன் குரலைக் கேட்டால் போதும் அவருக்கு. இது அவர் காதில் விழாமல் சொல்லவேண்டிய விஷயம்.

போன மாதம் நீ சொன்னாயே, நேதனின் அப்பா அம்மா கல்யாணத்துக்கு வரும்போது வீட்டில் மது எதுவும் இருக்கக்கூடாது, எங்கள் குடும்பத்தில் யாரும் தொடமாட்டார்கள் என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்று. அதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னார்: "ரீத்தா, நேதன் அப்பா டக்ளஸ் கெண்டக்கிக்காரர். அவங்க ஊர்ல பர்பன் விஸ்கிதானாம். நான் குடிச்சுக் கெட்டதுக்கு, நம்ம வீட்டுக்கு வர்ற சம்பந்தி ஏன் வெறும் தண்ணி குடிக்கணும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீ கோயிலில் உறுதிபூசுதல் வாங்கிய அன்று, குடித்துவிட்டு வந்து ஆயர் முன்னால் விழுந்தாரே, அதை நான் மறப்பேனா? அவரும் மறக்கவில்லை, மகளே. குடியை விட்டு ஒன்பது வருஷமாகியும் கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறார்.

ஆனாலும் மனுஷன் விடவில்லை. டயர் கடை ஓவர்டைம் சம்பளத்தில் இருநூறு வெள்ளி எடுத்து வைத்தார். அதற்குள் நல்லதாக ஒன்று வாங்கவேண்டும் என்று ராப்பகலாகப் போனில் படித்தார். சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறவைப்பார்களாம். எத்தனை வருஷம் ஊறியது என்று பார்க்கவேண்டுமாம். அழகான பெட்டியையும் மூடியையும் பார்த்து ஏமாறக்கூடாதாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். "குடிச்ச காலத்துல ஒரு நாளாவது பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருக்கேனா" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோங் பெங்கில் வாங்க மாட்டேன் என்றார். இங்கே அவர் முகம் தெரியாத மதுக்கடை ஏது? அதனால் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில், கெலாங் பாத்தாவுக்குப் போனோம். கடையில் ஒரு சீன அம்மா. எந்தச் சரக்கு உங்களுக்குப் பழக்கம் என்று மலாயில் கேட்டாள். அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, நான் விட்டு ஒன்பது வருஷமாகிறது, இது என் மகளின் மாமனாருக்கு என்று நேராகச் சொன்னார். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அந்த அம்மா மேல்தட்டில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டுக் குனிந்து, கட்டைவிரல் உயரத்தில் மூன்று குட்டிப் பாட்டில்களை எடுத்தாள். முதலில் இதைச் சுவைத்துப் பாருங்கள், பிடித்ததில் பெரிய பாட்டில் தருகிறேன் என்றாள்.

யார் சுவைப்பது? உன் அம்மாதான்! பூசையில் திராட்சை ரசக் கிண்ணத்தை உயர்த்தும்போதே தலை குனிந்துகொள்கிற நான், போன ஞாயிறு பட்டப்பகலில் சமையலறையில் மூன்று டம்ளரோடு உட்கார்ந்தேன். அப்பா உள்ளே வரவில்லை. வெளியே ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம், தூறலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"தொண்டையில எரியுதா, நெஞ்சில எரியுதா?"

"ரெண்டுலயும் எரியுதுங்க!"

"சரி, அது வேணாம். தண்ணி குடிச்சிட்டு அடுத்தது."

முதலாவது நகச்சாயம் அழிக்கிற தண்ணீர் மாதிரி. மூன்றாவதில் மிளகுக் காரம். இரண்டாவதுதான், எப்படிச் சொல்ல, குலா மலாக்கா வெல்லம் காய்ச்சும்போது அடிப்பிடிக்குமே, அந்த வாசனை. பிறகு புது அலமாரியைத் திறந்த மாதிரி மர வாசனை. கடைசியில் மெதுவாக ஒரு சூடு. நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக் கேட்டார். மீதியைத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். வாசனை போகும்வரை குழாயை மூடவிடவில்லை. அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. குடையை எந்த நேரத்தில் கீழே விட்டாரோ.

பத்து பஹாட் ஊரில், குடியை விட்டவர்கள் கூடும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் இதை அவரே சொல்லியிருக்கிறார். கில்பர்ட் அங்கிள், இவரோடு சேர்ந்து குடியை விட்டவர், நன்றாகத் திட்டினாராம். திட்டிவிட்டு, விருந்தன்று நான் உன் பக்கத்திலேயே நிற்பேன் என்றாராம். நேற்று பெரிய பாட்டிலை வாங்கிவிட்டோம். அது சித்தி வீட்டில் இருக்கிறது. விருந்து நேரம்வரை நம் வீட்டுக்கு வராது. மீதியை டக்ளஸிடமே கொடுத்துவிடுவோம்.

விருந்தில் தன் கையாலேயே மூடியைத் திறந்து சம்பந்திக்கு ஊற்றவேண்டும் என்று ஆசைப்படுகிறார். அவருக்குத் தேத்தண்ணிதான். உனக்குப் பயமாக இருக்கும். எனக்கும் இருக்கிறது. பத்து வயதிலேயே அவர் தலையணைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கால்வாயில் கொட்டிவிட்டு, ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டவள் நீ. விருந்தன்றும் பாட்டிலைப் பிடுங்க உன் கை உன்னை அறியாமல் நீளும். நீளாமல் பார்த்துக்கொள், மகளே. மேசையில் நாலு சொட்டுச் சிந்தினாலும், அவரே ஊற்றி முடிக்கட்டும்.

உன் நெற்றியில் சிலுவை இட்டு முத்தமிடும்,
அம்மா ரீத்தா.